திருமலையில் நிற்கும் தேவியர்

நுவரெலியாவின் விக்டோரியாப் பூங்கா, மகாராணியாரின் அறுபதாண்டு ஆட்சி நிறைவையொட்டி 1897இல் அப்பெயர் பெற்றது. அவரோ இலங்கைக்கு ஒருபோதும் வந்திலர். அரசியரை ஊரறியப் போற்றும் வழக்கம் அதற்கு நெடுங்காலம் முன்னரே தென்னாட்டில் வேறொரு வடிவிற் காணப்பட்டது.

இத்தாலியில் மறுமலர்ச்சிக் கலை உச்சமடைந்திருந்த காலத்தே விசயநகரத்தை ஆண்டவர் கிருஷ்ணதேவராயர் (1509–1529). திருமலைக் கோயிலின் வெளிக்கோபுரத்தைக் கடந்ததும் வலப்புற மண்டபத்தில் அவருடைய உலோகச் சிலையும், இருமருங்கும் திருமலாதேவி, சின்னாதேவி ஆகியோர் சிலைகளும் உள்ளன. தோள்களிற் பெயர் பொறித்திருத்தலால் இன்னார் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. நம் கோயில்களிற் காணும் அரசர் அரசியர் படிமங்கள் பலவற்றுக்கு இப்பேறு வாய்க்கவில்லை. 1513இல் அரசருடன் திருமலை சென்ற தேவியர் இருவரும், பெருமாளுக்குப் பாலமுது படைக்கப் பொற்கிண்ணங்கள் அளித்தமையைக் கல்வெட்டுக்கள் கூறும். ஆகவே அவர்கள் கணவர் புகழுக்கு அணியாக மட்டும் நின்றவரல்லர். தம் பெயராலேயே கொடை செய்தவர்.

பாரிசு மாநகரின் லக்சம்பர்க் தோட்டத்திலும் நவார் அரசி மார்கரீத் முதலியோரின் சிலைகள் உள. 19ஆம் நூற்றாண்டிற் செதுக்கப்பெற்ற அவை உயர்ந்த பீடங்களில் நின்று காண்போரைக் கீழ்நோக்குகின்றன. திருமலைத் தேவியரோ கைகூப்பி அடியவர் நிலையில் நிற்கின்றனர். அவ்வழியே செல்வோர் அவர்களை அரசியராகவன்றித் தம்மோடு வணங்க வந்தவராகவே காண்பர்.