தோலுக்கு வகுத்த எல்லை



1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், கலிபோர்னியாவில் மாலிபூ என்னும் ஊரில், தியோடர் மெய்மன் என்னும் விஞ்ஞானி செயற்கை மாணிக்கக் கோலொன்றிலிருந்து செவ்வொளிக் கதிரை எழுப்பினார். அதுவே முதல் லேசர். அக்காலத்து ஆராய்ச்சியாளர் அதன் வலிமையைச் சவர அலகுகளால் அளந்ததுண்டு; கதிர் எத்தனை அலகுகளைத் துளைக்கிறதோ, அத்தனை ‘ஜில்லெட்’ என்பது கணக்கு! எஃகைத் துளைப்பது தோலை என்ன செய்யும் என்று எவரேனும் வினவ வேண்டுமன்றோ?

வினவியவர்களுள் முதன்மையானவர் சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன். 1963இல் அவரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வுகள் ஓர் உண்மையைப் புலப்படுத்தின: மாணிக்க லேசரின் ஒளி கருநிறப் பகுதிகளையே மிகுதியாகத் தாக்குகிறது. தோலிலும் மயிரிலும் உள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் அவ்வொளியை விழுங்கிச் சூடேறுகிறது. அச்சூட்டில், கொதிநீரில் முட்டையின் வெண்கரு இறுகுவதுபோல், சுற்றிலுமுள்ள புரதம் கெட்டுப் புண்ணாகிறது.

இனி, எவ்வளவு ஒளி பட்டால் தீங்கில்லை? விலங்குகளின் தோலில் வெவ்வேறு அளவில் ஒளியைப் பாய்ச்சி, பாதி இடங்களில் காயம் தோன்றும் அளவைக் கண்டனர். ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கையே எல்லையாகக் கொள்வது வழக்கமாயிற்று. 1973இல் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகம் தன் முதல் விதிகளை வெளியிட்டது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி பத்து விநாடிக்கு மேல் தோலில் படுமாயின், சதுர சென்டிமீட்டருக்கு 0.2 வாட் என்பது எல்லை. உச்சி வெயிலின் வன்மையைப் போல் இஃது ஏறத்தாழ இருமடங்கு. கண்ணுக்கோ, இமை கொட்டும் கால் விநாடிக்கே 0.0025 வாட்தான், விழியின் வில்லை ஒளியை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடுகிறதே!

ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. இவ்வெல்லை வெண்ணிறத் தோலுக்கும் கருநிறத் தோலுக்கும் ஒரே எண்தான். மெலனின் மிகுந்த மேனி அதே ஒளியைக் கூடுதலாக விழுங்குமாதலால், பத்தில் ஒன்று என்ற அந்தக் காப்பு அத்தகையோர்க்குச் சற்றே சுருங்குகிறது. மயிர் நீக்கும் லேசர் சிகிச்சையில் இவ்வேற்றுமை கண்கூடு. அங்கே எல்லையை மருத்துவர் வேண்டுமென்றே கடக்கிறார். ஆகவே கருநிறத்தார்க்கு, மெலனின் குறைவாக ஏற்கும் 1064 நானோமீட்டர் அலைநீளத்தைத் தேர்வது நலம்.

நிறம் பாராத லேசரும் உண்டு. இந்தியாவிற் பிறந்த குமார் படேல் 1964இல் அமெரிக்காவில் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிரைத் தோலின் நீரே உறிஞ்சிவிடுகிறது. எந்நிறத்தவர் மேனியையும் அது ஒன்றுபோலவே சுடும்.