மூல ஓலையும் படி ஓலையும்

சேரன்மகாதேவியில், தாமிரபரணிக் கரையை ஒட்டிய தெருவொன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் நெடுநாளைய நண்பர். 2013க்கும் 2018க்கும் இடையில் அவருடைய கடன் அட்டை மூன்று முறை மோசடிக்கு உள்ளாயிற்று. மூன்று முறையும் அட்டை அவருடைய சட்டைப்பையில் பத்திரமாகவே இருந்தது. களவு போனவை சில இலக்கங்கள் மட்டுமே. முதல் முறை முறையிடச் சென்றபோது, "அட்டை உங்களிடம்தானே இருக்கிறது, வேறு யார் வாங்கியிருக்க முடியும்?" என்று வங்கியில் கேட்டார்களாம். போன பணத்தைவிட அந்தக் கேள்விதான் அவரை வருத்தியது. தாம் பொய்யர் அல்லர் என்பதைத் தாமே நிறுவ வேண்டிய நிலை.

அவரோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் நினைவுக்கு வந்தது. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரைத் தம் அடிமை என்று வழக்குரைக்கிறார் ஒரு முதியவர். சுந்தரர் அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்படுகிறது. அவையோர் வழக்குத் தொடுத்தவரிடமே சான்று கேட்கிறார்கள். அதோடு நில்லாமல், சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பளிக்கிறார்கள். வந்தவர் இறைவனே என்பது பக்தி. ஆனால் அவையோர் பின்பற்றிய முறையில் சேக்கிழார் காலத்து ஆவண வழக்கு தெளிவாகத் தெரிகிறது. மூலம் வேறு, படி வேறு. ஒப்புநோக்கும் சான்று வழக்காடுவோர் இருவர் கையிலும் இல்லாத மூன்றாவது இடத்திலிருந்து வரவேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்டு வந்தவருடையது.

கடன் அட்டையின் வரலாறு இம்மூன்றும் கைநழுவி, மெல்ல மீண்டும் கைக்கு வந்த கதை என்று சொல்லலாம். 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. இந்தியாவில் சென்ட்ரல் வங்கி 1980இல் கடன் அட்டையை வழங்கியது. கடைக்காரர் அட்டையின் பின்புறக் கையெழுத்தையும் ரசீதில் இட்ட கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே அன்றைய காப்பு. ஆனால் ஒப்புநோக்கும் மாதிரி அட்டையிலேயே இருந்தது. அட்டையைத் திருடியவனுக்கு மாதிரியும் சேர்ந்தே கிடைத்தது. பின்னர் இணைய வணிகம் வந்தபோது அட்டையே தேவையற்றதாயிற்று. எண்ணை அறிந்தவர் எவரோ அவரே உரிமையாளர் என்றானது. எண்ணுக்கு மூலம் என்றும் படி என்றும் வேறுபாடு இல்லை. மோசடி ஒருவருக்கே மீண்டும் மீண்டும் நிகழ்வதன் காரணம் இதுதான்: நாம் பொருள் வாங்கும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு மூல ஓலையை விட்டுவிட்டு வருகிறோம்.

2009 ஆகஸ்டு முதல் இணையப் பரிமாற்றங்களுக்கு அட்டையில் அச்சிடப்படாத இரண்டாவது சான்று ஒன்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் இவ்வகைப்பட்டது. திருவெண்ணெய்நல்லூர்க் காப்பறை ஓலையின் இடத்தை அது பிடித்தது எனலாம். எனினும் வெளிநாட்டுத் தளங்கள் அதைக் கேட்கவில்லை. நண்பரின் முதல் இரண்டு இழப்புகளும் அவ்வழியிலேயே நேர்ந்தன. புதிய அட்டை வந்தது. புதிய எண்ணையும் அவர் பழைய தளங்களிலேயே பதிந்து வைத்தார். அட்டைதாரரே இயக்கினாலன்றிப் புதிய அட்டைகள் இணையத்திலும் வெளிநாட்டிலும் செல்லாது என்ற ஏற்பாட்டை 2020 ஜனவரியில்தான் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2022 அக்டோபர் முதல் வணிகத் தளங்கள் அட்டை எண்ணையே சேமிக்கக் கூடாது, அத்தளத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் மாற்றுக் குறியீட்டையே வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. படி ஓலை மீண்டும் படி ஓலையானது.

இவற்றினும் முக்கியமானது 2017 ஜூலை 6ஆம் நாளின் சுற்றறிக்கை. பிழை வங்கியுடையதும் அன்று, வாடிக்கையாளருடையதும் அன்று என்னும் நிலையில், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்றது அது. வாடிக்கையாளரே பொறுப்பு என்றால் அதை மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது என்றும் கூறியது. நண்பரிடம் 2013இல் கேட்கப்பட்ட கேள்விக்கு நான்காண்டுகள் கழித்து வந்த விடை இது.

மூன்றாவது மோசடி வேறு வகை. பழைய இழப்புக்கு ஈட்டுத்தொகை தருவதாகத் தொலைபேசியில் ஒருவன் பேசினான். நண்பர் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டார். முன்பே ஏமாந்தவர்களைத் தேடி வரும் உத்தி இது. தாமே சொல்லிக் கொடுத்ததால் அந்த இழப்பு விதிப்படி அவருடையதே. ஆனால் முறையிட்ட பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்பதும் அதே விதி. அவர் வெட்கப்பட்டு மௌனமாக இராமல் ஒரு மணி நேரத்துக்குள் தெரிவித்ததால், தொடர்ந்து வந்த முயற்சிகள் பலிக்கவில்லை.

இன்று இத்தகைய மோசடிகளைத் தெரிவிக்க 1930 என்ற எண் இருக்கிறது. வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு ஒப்புகை பெறுவதும், தீர்வில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடுவதும் அடுத்த படிகள். நண்பர் இப்போது ஒவ்வொரு முறையீட்டின் படியையும் ஒரு கோப்பில் தேதியிட்டு வைத்திருக்கிறார். "காப்பறை நம் வீட்டிலும் ஒன்று இருக்கட்டுமே" என்றார் சிரித்துக்கொண்டே.