நெகட்டிவ் யாருக்கு உரியது? மேக்னம் ஒளிப்பட முகமையின் தோற்றமும் உரிமைச் சிக்கலும்

ஒளிப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படத்தையே நோக்குகின்றனர். அப்படம் கலைஞரின் கையிலிருந்து இதழின் பக்கத்திற்குச் சென்ற வழியை நோக்குவோர் சிலரே. அவ்வழியின் இடையில் நின்றவை ஒளிப்பட முகமைகள். கலைஞருக்குப் பணி தேடித் தருவதும், படங்களை இதழ்களுக்கு விற்று வருவாயில் ஒரு பங்கைப் பெறுவதும் அவற்றின் தொழில். 1947இல் தோன்றிய மேக்னம் முகமை இத்தொழிலில் விளைத்த மாற்றம் அழகியல் சார்ந்தது என்பதைவிட உரிமை சார்ந்தது என்பதே பொருந்தும்.

இதன் முன்வரலாறு பெர்லினில் தொடங்குகிறது. 1928இல் சைமன் குட்மன் நிறுவிய டெஃபோட் முகமையின் இருட்டறையில் உதவியாளராக இருந்தவர், ஹங்கேரியிலிருந்து வந்த எண்ட்ரே ஃபிரீட்மன். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அவர் பாரிஸில் வாழ்ந்தார். 1936இல் அவரும் கெர்டா டாரோவும் சேர்ந்து 'ராபர்ட் காப்பா' என்னும் புகழ்பெற்ற அமெரிக்கர் ஒருவரைக் கற்பித்து, அப்பெயரால் படங்களைக் கூடுதல் விலைக்கு விற்க முயன்றனர். பின்னர் அப்பெயரே அவருக்கு நிலைத்தது. முகவர்க்குரிய வேலையைக் கலைஞரே செய்துகொண்ட இந்நிகழ்ச்சியை வெறும் வேடிக்கையாகக் கடந்துவிடுதல் தகாது.

அக்காலத்துப் பெரிய இதழ்கள் தம் பணிக்கு அமர்த்திய கலைஞர்களின் படங்களைத் தமக்கே உரியனவாகக் கொண்டன. நெகட்டிவும் அலுவலகத்திலேயே தங்கியது. மேக்னம் இதனை மறுத்தது. உறுப்பினர்களே பங்காளிகள், பதிப்புரிமை எடுத்தவருக்கே, இதழுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் இசைவு மட்டுமே. எனவே ஒரே படத்தைப் பல நாட்டு இதழ்களுக்குத் தனித்தனியே விற்க இயன்றது. காப்பா, டேவிட் செய்மோர், ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான், ஜார்ஜ் ராட்ஜர், வில்லியம் வாண்டிவர்ட் ஆகிய ஐவரே நிறுவனர்களாகப் பேசப்படுகின்றனர். ஆனால் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியக உணவகத்தில் நடந்த தொடக்கக் கூட்டத்தில் செய்மோரும் பிரெஸ்ஸானும் ராட்ஜரும் இல்லை. மாறாக, ரீட்டா வாண்டிவர்ட், மரியா ஐஸ்னர் என்னும் பெண்கள் இருவர் இருந்தனர். முதல் தலைவர் ரீட்டா. பாரிஸ் அலுவலகத்தை நடத்திய ஐஸ்னரோ, 1930களிலேயே அலையன்ஸ் ஃபோட்டோ என்னும் முகமையை நிறுவிப் பட்டறிவு பெற்றவர். கணக்கும் கடிதமும் ஒப்பந்தமும் கவனித்தோரை விடுத்துக் கேமரா ஏந்தியோரை மட்டும் நிறுவனர் எனல் ஒருதலைப்பட்சமானது.

உலகைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டபோது இந்தியாவும் கிழக்காசியாவும் பிரெஸ்ஸானின் பங்காயின. 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். அம்மாதம் 14ஆம் நாள் மறைந்த இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படமெடுத்தார். அவற்றின் உரிமை ஆசிரமத்திற்கோ இதழுக்கோ செல்லாமல் அவரிடமே நின்றது.

இதனோடு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவை ஒப்பிட்டு நோக்கலாம். பணம் கொடுத்துப் பிறர் எடுக்கச் சொன்ன ஒளிப்படத்திற்கு, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நம் ஊர்களின் ஸ்டுடியோக்காரர் திருமணப் படங்களின் நெகட்டிவைப் பல்லாண்டுகள் பெட்டியில் காத்து வைத்திருக்கலாம்; அப்படங்களின் உரிமையோ படமெடுக்கச் சொன்ன வீட்டாருடையது. அப்பெட்டிகளை ஆவணமாக்க முனையும் ஆய்வாளர் யாரிடம் இசைவு பெறுவது என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது.