வடசென்னையிலிருந்து விலகிய வாசல்: அரசு விரைவுப் பேருந்துகளின் வரலாறு

ஒரு நகரத்தின் வாசல் எங்கே இருக்கிறது என்பதை, அந்நகருக்கு முதன்முறையாக வருபவன் கால் வைக்கும் இடத்தைக் கொண்டே சொல்ல வேண்டும். சென்னைக்கு அவ்வாசல் நெடுங்காலம் வடக்கிலேயே இருந்தது. கடல்வழி வந்தோர் துறைமுகத்தில் இறங்கினர். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. பின்னர் 1873இல் சென்ட்ரலும் 1908இல் எழும்பூரும் எழுந்து இரயிலின் வாசலைச் சற்றே தெற்கே நகர்த்தின. ஆயினும் பேருந்தின் வாசல் 2002 வரை பாரிமுனையை ஒட்டிய பிராட்வேயிலேயே நிலைத்திருந்தது. அவ்வாசல் வழியே தமிழகத்தின் கடைக்கோடி வரை சென்றுவந்த அரசு நெடுந்தொலைவுப் பேருந்துகளின் வரலாற்றை வடசென்னைவாசிகளாகிய நாம் அறிந்திருத்தல் தகும்.

தொடக்கத்தில் பேருந்துத் தொழில் முழுமையும் தனியார் வசமே இருந்தது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கியது அத்தொழிலின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. சென்னை மாகாண அரசு 1947இல் நகரப் பேருந்துகளைத் தானே இயக்க முற்பட்டது. 1956இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டமோ, திருவிதாங்கூர் அரசு 1938 முதல் நடத்திவந்த பேருந்துப் போக்குவரத்தை முன்னரே கண்டிருந்தது. ஆக, மாநிலத்தின் இரு முனைகளிலும் அரசுப் பேருந்து அறிமுகமாகியிருந்தது; இடைப்பட்ட நெடுவழிகளே தனியார் கையில் எஞ்சியிருந்தன.

1967இல் அமைந்த புதிய அரசு இந்நிலையை மாற்றத் துணிந்தது. சென்னை நகரைத் தொடும் வழித்தடங்கள், கன்னியாகுமரி மாவட்டத்து வழித்தடங்கள், 75 மைலும் அதற்கு மேலும் நீளும் வழித்தடங்கள் ஆகியவற்றை முதற்கட்டமாக நாட்டுடைமை ஆக்குவதென முடிவு செய்தது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1975இல் அதன் விரைவுப் பேருந்துகள் தனிப் பிரிவாயின. அப்பிரிவே 1980 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் காலத்தில், திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் என்னும் தனி நிறுவனமாக மலர்ந்தது. வள்ளுவப் பெருந்தகையைப் பொன்னூர் மலையில் தவமியற்றிய குந்தகுந்த ஆசாரியராகவே போற்றும் தமிழ்ச் சமண மரபினர்க்கு அப்பெயர் தனிப்பொருள் உடையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இக்கழகத்தின் பேருந்துகளுக்கும் வடசென்னைக்கும் உள்ள உறவு, புறப்படும் இடத்தோடு முடிவதன்று. 1948இல் ரகுநந்தன் சரண் என்பார் நிறுவிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி இணைத்தது. பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. தமிழக அரசுப் பேருந்துகளுள் மிகப் பெரும்பாலானவை இந்நிறுவனத்தின் சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்டவை. கூண்டு கட்டப்படாத வெற்று அடிச்சட்டத்தில் இருக்கை ஒன்றைப் பொருத்தி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் புழுதியிலும் அதனை நெடுஞ்சாலையில் ஓட்டிச்செல்லும் ஓட்டுநரைக் கண்டிராத எண்ணூர்வாசி இருக்க முடியாது.

திருவொற்றியூரில் 1946இல் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் பின்னாளில் டயர் உற்பத்தியில் நாடறிந்ததாயிற்று. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. ஆகவே, தென்கோடியில் ஏதோ ஒரு சிற்றூரின் சாலையில் நிற்கும் பேருந்துக்கு அடிச்சட்டம் எண்ணூரிலும், டயர் திருவொற்றியூரிலும், டீசல் மணலியிலும் பிறந்திருத்தல் இயல்பே. அவ்வாலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களுள் பலர் தென்மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தோர். தம் பகுதியில் உருவான வண்டியிலேயே அவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் சென்றனர். இரயில் எட்டாத ஊர்களுக்கும் முன்பதிவு செய்த இருக்கையில் அமர்ந்து, இரவில் புறப்பட்டு விடியலில் இறங்கலாம் என்னும் நம்பிக்கையே இக்கழகம் மக்களுக்கு ஈந்த பெருங்கொடை. சௌகார்பேட்டையிலும் தங்கசாலையிலும் வாழ்ந்த நம்மவர்க்கோ பேருந்து நிலையம் நடந்தே சென்றடையும் தொலைவில் இருந்தது.

கழகத்தின் பெயர் மட்டும் நிலைக்கவில்லை. 1994இல் வெளிமாநில வழித்தடங்களுக்கென இராஜீவ் காந்தி பெயரில் வேறொரு கழகம் பிரிக்கப்பட்டது. 1997இல் விருதுநகர் வட்டாரத்துக் கழகம் ஒன்றிற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதையொட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அதன்பின் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இடப்பட்ட தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. வள்ளுவர் பெயரும் அவற்றோடு மறைந்தது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் என்பதே இன்றைய பெயர். ஆயினும் முதியோர் நாவில் அது இன்றும் 'திருவள்ளுவர் பஸ்' தான்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமம் வழங்கும் முறையைத் தளர்த்திய பின்னர், ஆம்னி பேருந்துகள் பெருகின. குளிர்சாதனமும் படுக்கையும் அவற்றின் கவர்ச்சியாயின. அரசுக் கழகமும் 2018இல் படுக்கை வசதிப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. எனினும் விழாக்காலத்தில் கட்டணம் வானளாவும்போது எளியோர் நாடிச்செல்வது அரசுப் பேருந்தையே.

இதற்கிடையே வாசல் நகர்ந்தது. பிராட்வேயின் நெரிசல் தாங்கொணாததாக, 2002 நவம்பரில் கோயம்பேடு நிலையம் திறக்கப்பட்டது. அதுவும் நெரிசலுற, 2023 டிசம்பர் 30ஆம் நாள் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டுத் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே சென்றன. நகரின் உட்சாலைகளில் பேருந்துகள் மணிக்கணக்கில் தேங்கி நின்ற நிலை மாறியது நன்மையே. தாம்பரத்துக்குத் தெற்கே வாழ்வோர்க்கு அது வீட்டு வாசலாயிற்று. ஆனால் எண்ணூரிலிருந்து பார்த்தால் நகரத்தின் முழு நீளமும் இடையே கிடக்கிறது. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ இரயில் விமான நிலையம் வரை கொண்டு விடும். அதற்கப்பால் மூட்டையோடும் குழந்தையோடும் வேறு வண்டி ஏற வேண்டும். பேருந்தைப் பிடிக்கச் செல்வதே ஒரு பயணமாகிவிட்டது. 2018இல் திறக்கப்பட்ட மாதவரம் நிலையம் ஆந்திரப் பேருந்துகளுக்கென அமைந்தது. 2024இன் தொடக்கத்தில் தெற்கு நோக்கிய பேருந்துகள் சிலவும் அங்கிருந்து இயக்கப்பட்டமை, இக்குறை உணரப்பட்டதற்குச் சான்று.

1967இல் நெடுந்தொலைவு வழித்தடங்களை அரசு ஏற்றதன் உட்கருத்து, தொலைவு காரணமாக எவரும் பின்தங்கிவிடலாகாது என்பதே. அக்கருத்து கன்னியாகுமரிக்குப் பொருந்துமாயின் எண்ணூருக்கும் பொருந்தும். மாதவரத்திலிருந்து தென்திசைப் பேருந்துகளைப் பெருக்குவதும், வடசென்னையிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு இரவிலும் விடியலிலும் நேரடி இணைப்புப் பேருந்துகளை நிலைப்படுத்துவதும் அரிய செயல்களல்ல. பேருந்துக்கு அடிச்சட்டம் செய்து அனுப்பும் மண், அப்பேருந்தில் ஏறும் படியையும் தன் அருகே வேண்டுவது நியாயமே. பயணியர் நலச் சங்கங்களும் நம்மைப் போன்ற அறநிலையங்களும் ஒருமித்து இதனைக் கேட்குமாயின், அக்கழகம் தோன்றிய நோக்கம் முழுமை பெறும்.