தஞ்சோங் ரம்புத்தான்: படத்தில் இல்லாத வரலாறு

ஆசிரியர்களே, வரலாற்று இடுபணிக்குக் "கைவிடப்பட்ட கட்டடம்" என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பெடாஸ் பக்கத்துப் பிள்ளைகள் கூரை போன தோட்ட ஆஸ்பத்திரியையோ, செம்பனைக்கு நடுவே நிற்கும் லயத்துச் சுவரையோ படம் பிடித்து வருவார்கள். கூடவே இணையத்தில் எடுத்த பழைய மனநல மருத்துவமனைப் படம் ஒன்றும் வந்துவிடும். துருப்பிடித்த கட்டில், உடைந்த சன்னல், கீழே "பேய் உலாவும் இடம்" என்று ஒரு வரி. படம் நல்லாத்தான் இருக்கும். அதை வரலாற்றுச் சான்றாக்க வேண்டுமானால் மாணவர் இன்னும் கொஞ்சம் கேள்வி கேட்கணும்.

இப்படி வரும் படங்களில் ஒன்று சிங்கப்பூரின் வியூ ரோடு மருத்துவமனை. பிரிட்டிஷ் கடற்படைத் தளக் காலத்தில் அது காவல் படையினர் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. 1975-இல் உட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனையின் கிளையானது, 2001-இல் மூடப்பட்டது. பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியாகவும் இருந்தது. ஆக, ஒரே கட்டடத்துக்கு மூன்று வாழ்க்கை. சன்னல் கம்பியைக் காட்டி "நோயாளிகளைப் பூட்டி வைத்த அறை" என்று மாணவர் எழுதியிருந்தால், மதிப்பெண் போடும் முன் கேளுங்கள்: போலீஸ்காரர் காலத்துக் கம்பியா, நோயாளிகள் காலத்ததா, விடுதிக் காலத்ததா? அங்கே அனுப்பப்பட்டவர்கள் தேறி வந்தவர்கள். பகலில் வேலை பார்த்துப் பழகுவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. பேய்க்கதை இதையெல்லாம் மறைத்துவிடுகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு "தஞ்சோங் ரம்புத்தான்" என்பது ஊர்ப்பெயர் இல்லை, ஏச்சு. சென்னையில் கீழ்ப்பாக்கம், இலங்கையில் அங்கொடை, சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ். தமிழர் போன இடமெல்லாம் இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஓர் அக்கா, பிள்ளை பெற்ற பிறகு பேச்சை நிறுத்திட்டாங்க. கோவிலில் மந்திரிச்சுப் பார்த்தாங்க, அப்புறம் டிரெசர் பார்த்தார், அப்புறம் ஒருநாள் ஆள் இல்லை. எங்கே என்று கேட்டால் "ரம்புத்தான் போயிருக்கா" என்றார்கள். பழம் பறிக்கப் போயிருக்கிறார் என்றே நாங்கள் நெடுநாள் நினைத்திருந்தோம்.

தேர்வு எழுதும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இது. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே 1911-இல் இந்த மருத்துவமனை தொடங்கியது. முதல் தலைமை மருத்துவர் டாக்டர் சாமுவேல்ஸ். தெற்கே ஜொகூரில் தம்போய் மருத்துவமனை 1937-இல் வந்தது. அந்தக் காலத்தில் மனநோய்க்குச் சரியான மருந்து கிடையாது. காவலும் கட்டுப்பாடும் தோட்ட வேலையும்தான் சிகிச்சை. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, பஞ்சமும் நோயும் ஏராளமான நோயாளிகளைக் கொண்டுபோயின. அதே ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் சயாம் ரயில் பாதைக்குப் போனதைப் பாடநூலில் படிக்கிறோம், இதைப் படிப்பதில்லை. 1950-களில் குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் வந்த பிறகுதான், வீடு திரும்பலாம் என்ற நிலை பலருக்கு உண்டானது. 1971-இல் அதன் பெயர் பகாகியா மருத்துவமனை என்று மாறியது. பகாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் ஏச்சு மாறவில்லை.

இந்த மருத்துவமனை இன்றும் நடக்கிறது. கைவிடப்பட்டவர்கள் உள்ளே இருந்த மனிதர்களில் சிலர். தேறியும் வீடு திரும்பாமல் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தவர்கள் உண்டு. குடும்பம் வெட்கப்பட்டு ஒதுக்கியது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. தோட்டத் தொழிலாளிக்கு முகவரி என்பது தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான். 1950-களின் பின்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே இதைத் தடுக்கத்தான். லயம் காலியான பிறகு, "உங்கள் ஆள் தேறிவிட்டார், வந்து கூட்டிப்போங்கள்" என்ற கடிதம் யார் கைக்குப் போய்ச் சேரும்? பெடாஸிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அன்றாடக் கூலிக்காரர் போய்வர இரண்டு நாள் சம்பளத்தை விடணும், ரயில் காசும் புரட்டணும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வில்லார்ட் மனநல மருத்துவமனை 1995-இல் மூடப்பட்டபோது, பரணில் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடந்தன. நோயாளிகள் வந்த நாளில் கொண்டுவந்தவை. திறந்தால் துணி, கடிதம், குடும்பப் படம். ஜான் கிறிஸ்பின் என்ற புகைப்படக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். காலிச் சுவரைவிட அந்தப் படங்கள் ஆயிரம் மடங்கு பேசுகின்றன. நம் தாத்தா பாட்டி கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும்.

ஆகவே மாணவர்களே, உங்கள் இடுபணியில் கட்டடப் படத்தோடு ஒரு பேட்டியும் இருக்கட்டும். அந்த நாளில் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், பழைய அட்டெண்டன்ட், ஓய்வுபெற்ற தாதி, இல்லாவிட்டால் உங்கள் பாட்டியே போதும். "யாராவது போனாங்களா?" என்று கேட்க வேண்டாம். "அப்போ உடம்பு முடியலைன்னா எங்கே போவீங்க?" என்று ஆரம்பியுங்கள், பேச்சு தானாக அங்கே வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். நோயாளியின் பெயரை எழுதாதீர்கள். தோட்டத்தின் பெயரும் ஆண்டும் போதும். படத்தின் பின்புறம் எடுத்த தேதியையும் இடத்தையும் பென்சிலால் குறித்துவையுங்கள்.