கொழுந்தும் திறைசேரியும்

தலவாக்கலையிலிருந்து கொழும்புக்குப் போகும் தேயிலையின் மீது, அன்றைய மரப்பெட்டியாயினும் இன்றைய கடதாசிச் சாக்காயினும், தோட்டத்தின் பெயர் இருக்கும், ரகம் இருக்கும், நிறை இருக்கும். கொழுந்தைக் கிள்ளியவளின் பெயர் இராது. இலங்கை அரசாங்கத்தின் வரிக் கணக்கும் அவ்வாறே எழுதப்பட்டு வந்தது.

வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் நாட்களில் மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் ஒரு கேள்வி எழுவதை நாம் கேட்டிருக்கிறோம்: "தோட்ட மக்கள் இவ்வளவு கேட்கிறார்களே, அவர்கள் அரசாங்கத்துக்கு என்ன வரி கட்டுகிறார்கள்?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், வரலாறு அறியாதவர்கள். அந்தக் கேள்விக்கு வரலாற்றிலிருந்தே விடை கூற முனைவோம்.

முதலில் சோற்றுப் பானையைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக் கிராமத்து உழவன் நெல்வரி செலுத்தினான். அதனோடு, கடல் கடந்து வந்த அரிசிக்குச் சுங்கத் தீர்வையும் இருந்தது. தோட்டத்துத் தமிழர் உண்டது அந்தக் கப்பலரிசி. சிங்கள உழவனை நிலத்திலிருந்து துரத்திய கொடுமை என்று பலரும் கண்டித்த நெல்வரி, ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் 1892இல் ஒழிந்தது, நியாயமே. அரிசித் தீர்வையோ அதனோடு ஒழியவில்லை. எந்த வரி அதிகாரியும் லயத்துக்கு வந்து கதவைத் தட்டியதில்லை. வரி அரிசிக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

கூலியும் அரிசியும் ஒரே கயிற்றின் இரு நுனிகளாக இருந்தன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என வகுத்தார்கள். அரிசியை ஒரு புசல் 4 ரூபாய் 80 சதத்துக்கு மேற்படாத விலையில் தோட்டமே வழங்கிற்று. உலக மந்தம் வந்தது. வியாபாரத்தில் அரசு தலையிடலாகாது என்று உபதேசித்து வந்த கம்பனிகள், தேயிலை விலை சரிந்ததும் அரசின் கையையே பற்றிக்கொண்டன. 1933இல் இலங்கை, இந்தியா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றுக்கிடையே சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் ஏற்பட்டது; எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்பதற்கு வரம்பு கட்டப்பட்டது. கம்பனியின் விலையைக் காக்க ஒழுங்குவிதி பிறந்தது. அதே மந்த ஆண்டுகளில் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியோ குறைக்கப்பட்டது. ஒழுங்குவிதி யாருக்குக் குடை, யாருக்கு மழை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டவும் வேண்டுமோ?

அடுத்தது, துறைமுகத்தில் தேயிலை மீது விழுந்த ஏற்றுமதித் தீர்வை. சுதந்திரத்துக்குப் பின் திறைசேரியின் பெருந்தூண்களில் அதுவும் ஒன்றாயிற்று. 1959இல் தேயிலையின் பெறுமதி மீதான வரியும் சேர்ந்தது. வரி செலுத்துபவர் ஏற்றுமதி செய்பவர்தாமே எனலாம். ஆனால் தேயிலையின் விலையைத் தீர்மானித்தது உலகச் சந்தை. வரியை வாங்குபவன் தலையில் முழுவதும் ஏற்ற முடியாது. பங்குலாபத்தைக் கம்பனி இலேசில் விட்டுக்கொடாது. எஞ்சியது கூலி. சுமை முழுவதும் தொழிலாளி முதுகில்தான் விழுந்தது என்று நாம் அளந்து கூற முனையவில்லை. பெரும்பங்கு அங்கே இறங்கிற்று என்பதை மறுப்பது கடினம்.

அந்தப் பணம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலிவு அரிசிக்கும், இலவசக் கல்விக்கும், இலவச வைத்தியத்துக்கும் அது உதவிற்று. ஆனால் தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. கொழுந்தின் வரியில் தீவெங்கும் பள்ளிக்கூடங்கள் எழுந்த காலத்தில், கொழுந்து பறித்தவளின் பிள்ளை தோட்டத்துத் தகரக் கொட்டகையில் அரிச்சுவடியோடு நின்றது.

இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமலா போயிற்று? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1953 வரவு செலவுத் திட்டத்தை ஒட்டி நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலில் கூடிற்று. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். வாக்குள்ள மக்களின் கோபம் ஒரு பிரதமரையே அசைத்தது. அதே அரிசியை உண்ட தோட்ட மக்களுக்கு, அடுத்த தேர்தலில் அந்தக் கோபத்தைப் பதிய ஒரு வாக்குச்சீட்டும் இல்லை.

வாய் கட்டப்பட்டவரிடம் எடுப்பது எளிது. 1968இல் அந்நியச் செலாவணிக்கு இரு விகிதங்கள் வகுக்கப்பட்டன. புதிய ஏற்றுமதிப் பொருட்களுக்கு மேலதிக ரூபாய் கிட்டிற்று. தேயிலைக்கும் இறப்பருக்கும் தெங்குக்கும் பழைய விகிதமே நின்றது. இதுவும் வரிதான், பெயர் சூட்டாத வரி. 1977இல் ரூபாயின் மதிப்பு இறக்கப்பட்டபோது தேயிலையின் ரூபாய் வருமானம் பெருகிற்று. உயர்த்தப்பட்ட ஏற்றுமதித் தீர்வை அதில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டது. அப்போது தோட்டங்கள் அரசின் உடைமை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாகியிருந்தன. முதலாளியும் வரி வாங்கியும் ஒருவரே.

1992இல் நிருவாகம் 22 கம்பனிகளிடம் மீண்டது. அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஏற்றுமதித் தீர்வையும் பெறுமதி வரியும் நீக்கப்பட்டன. நீங்கிய வரியில் இத்தனை சதம் கூலிக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தாரில்லை. நாடற்றவர் என்ற நிலைக்குச் சட்டம் முடிவுகட்ட 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 1,350 ரூபாயான நாட்கூலியை 1,550 ஆக உயர்த்தவும், அதன்மேல் வேலைக்கு வரும் நாளொன்றுக்கு 200 ரூபாயை அரசே வழங்கவும் முன்மொழிந்தது. கம்பனி கொடுக்க வேண்டிய கூலிக்குப் பொதுப்பணம் ஏன் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. கம்பனிகளின் பொறுப்பை அரசு சுமந்துவிடக் கூடாது. ஆனால் "இவர்களுக்கு ஏன் எங்கள் வரிப்பணம்?" என்று கேட்பவருக்கு நமது விடை வேறு. அரிசியில் கொடுத்தார்கள், கொழுந்தில் கொடுத்தார்கள், ரூபாயின் விகிதத்திலும் கொடுத்தார்கள், வாக்கில்லாத காலத்திலும் கொடுத்தார்கள். திறைசேரியிலிருந்து இம்மலைகளுக்கு ஏறிவரும் ஒவ்வொரு சதமும் தருமம் அன்று, கடனின் ஒரு தவணை.

அடுத்த முறை ஆசிரியர் அறையில் அந்தக் கேள்வி எழும்போது, நண்பர்களே, மேசைமீது ஆறிக்கொண்டிருக்கும் தேநீர்க் கோப்பையைச் சுட்டிக் காட்டுங்கள்.