கால்கள் கண்ட நகரம்

சீனராய்ப் பிறந்ததற்கு ஒரு வரி! 1855-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் குடியேற்ற அரசு, கப்பலில் வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுன் வரி விதித்தது. வெள்ளையர்க்கு அவ்வரி இல்லை. தங்கம் தேடிவந்த ஏழைகள் என் செய்தனர்? அண்டைக் குடியேற்றமான தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கினர். தோளிலே காவடிச் சுமை தாங்கி, தங்க வயல்களை நோக்கி 200 மைலுக்கு மேல் நடந்தனர். 1857-இல் அவ்வாறு நடந்தோர் வழியில் கண்ட பொற்படிவால் எழுந்ததே அராரட் நகரம். வராதே என்று சட்டம் தடுத்த மக்களே அந்நாட்டுக்கு நகரம் தந்தனர்! அவ்வரிக்காக விக்டோரியா அரசு வருத்தம் தெரிவித்தது 2017-இல். 162 ஆண்டுகள் கழித்து! பிறப்பைப் பார்த்து வாயிலை அடைப்போர் எங்கிருப்பினும், அவர்களுக்கு அராரட்டின் கதையை நாம் எடுத்துச் சொல்வோம்.